காலை ஏழரை மணிக்கு இருட்டு

காஜா பேராங், மலாக்கா
6 செப்டம்பர் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கோகிலாதான் எழுதுகிறேன். எல்லாரும் படுத்துவிட்டார்கள். சமையலறை மூலையில் மெழுகுவத்தியைப் பால் டின்னுக்குள் வைத்து, வெளிச்சம் வெளியே போகாதபடி குனிந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் என் கை நின்றுவிடுகிறது. உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று உனக்குத் தெரியும். உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள், அக்கா. குருபோங்கைத் தாண்டி ஒரு கித்தாத் தோட்டத்தில் ரப்பர்க் கணக்கு எழுதுகிற கிராணியாக இருக்கிறாராம், பெயர் ராஜரத்தினம். முப்பதைத் தாண்டியவர். முதல் மனைவி கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் இறந்துவிட்டாள். அவருக்குச் செவ்வாய் தோஷம், அவளுக்கு இல்லை, அதனால்தான் அவள் போனாள் என்கிறார்கள். அதனால் அவருடைய அம்மா பாக்கியலட்சுமி தோஷமுள்ள பெண்ணாகத் தேடி வந்திருக்கிறார். என் ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் இருக்கிறதாம். ஜோசியர் சுப்பையன் "இதைவிட இன்னொரு ஜோடி அமையாது" என்று சொல்லிவிட்டார். புரட்டாசி கழிந்ததும், ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மாற்றுவார்கள். அதோடு பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். வருஷக் கடைசிப் பரீட்சைகூட எழுத முடியாது.

உன்மேல் எனக்குக் கோபம். நிச்சயம் செய்த கல்யாணத்தை உதறிவிட்டு நீ நர்ஸ் படிக்க சிங்கப்பூருக்கு ஓடினாய். அன்றிலிருந்து பெண் வளர்வதைப் பார்த்தாலே அப்பாவுக்குப் பயம். நீ தப்பித்துக்கொண்டாய். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாய், நான் உள்ளே இருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போன வாரம் அந்த அம்மா வந்தபோது நம் அம்மா நான் பிறந்த கதையைச் சொன்னாள்.

"சரியா காலையில ஏழரை மணிங்க. ஒரே இருட்டு. வெளக்க ஏத்தி வெச்சித்தான் பொன்னம்மா புள்ளைய எடுத்தா."

"ஏழரைக்கு என்னா இருட்டு, தங்கச்சி? ஏழரைக்கு எங்க தோட்டத்துல பாதி மரத்துக்குப் பால் வெட்டி முடிச்சிருவாங்க!" என்று அந்த அம்மா சிரித்தார்.

"ஐப்பசி மழைங்க" என்றாள் அம்மா.

அதிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. ஏழரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிறேன். கழுத்தில் வெயில் சுடுகிறது. மழையாக இருந்தாலும் எதிரே நிற்பவளின் முகம் தெரியாமல் போகுமா? உனக்கு அப்போது ஏழு வயது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. சுல்தானா வீட்டு முகவரிக்கு அனுப்பு, தெங்கேராவில் அவள் வாப்பாவின் துணிக்கடை. உறையில் என் பெயர் வேண்டாம்.

கோகிலா


சிங்கப்பூர்
13 செப்டம்பர் 1959

கோகிலாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன், அது உண்மை.

இரண்டு வருஷமாக நான் உனக்கு எழுதிய மூன்று கடிதமும் திரும்பி வந்தன. பிரிக்காமலே. அப்பாவின் வேலை என்று நினைத்தேன். ஆனால் சுல்தானா வீடு உனக்கு அப்போதும் இருந்தது. உனக்கு ஆபத்து வந்தபிறகுதான் அக்கா நினைவு வந்தது. சரி. நானும் போகும்போது உன்னை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அழுதிருப்பாய், நானும் போயிருக்க மாட்டேன்.

நீ இங்கே வந்துவிடு. ராத்திரி ரயிலைப் பிடித்தால் போதும், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

ஜாதகத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. நான் பிரசவ வார்டில் இருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வலி எடுத்தால் குழந்தையைத் துடைத்து, தாயைப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் இருக்கிற மணியைப் பார்ப்போம். அதைத்தான் எழுதுகிறோம். அந்தக் குழந்தைகளுக்கும் யாரோ கட்டம் போடத்தான் போகிறார்கள்.

நீ பிறந்தது ஞாபகம் இருக்கிறது. பொன்னம்மாவைக் கூப்பிட என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு இருட்டென்றால் பயம். கால் தடுக்கினாலும் பரவாயில்லை என்று தரையைப் பார்க்காமல், பேய் கண்ணில் பட்டுவிடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். வானம் முழுக்க நட்சத்திரம். மழையே இல்லை, கோகிலா. பொன்னம்மா வந்து வெகுநேரம் ஆவதற்குள் நீ பிறந்துவிட்டாய். அப்போதும் வெளியே இருட்டுதான்.

அம்மா ஏழரை என்கிறாளா? அப்படியானால் அம்மாவுக்கு வலியில் மணி தெரிந்திருக்காது.

சிவகாமி


காஜா பேராங்
27 செப்டம்பர் 1959

அன்புள்ள அக்கா,

ஓடி வரச் சொல்லாதே. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீயும் போய், நானும் போனால் அம்மா என்ன ஆவாள்?

அம்மாவுக்கு மணி தெரியாமல் போகவில்லை. மணி பார்த்தது அப்பா. வீட்டை ஒட்டிய நம் மாவு மில் சுவரில் இருக்கிற பெரிய கடிகாரத்து மணியைப் பார்த்து, குழந்தை அழுத சத்தம் கேட்டதும் சுண்ணாம்புக் கட்டியால் கதவில் குறித்தாராம். அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். மிளகாய்த்தூள் ஒரு பிடி குறைந்தாலும் மறுபடி நிறுப்பவர்.

அதனால் நான் இந்த ஊரில் எத்தனை மணிக்கு விடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேப்பரில் சிங்கப்பூருக்குப் போடுகிறார்கள், மலாக்காவுக்குப் போடுவதில்லை. காலையில் சூரியனை நேராகப் பார்க்கலாம் என்றால் நம் வீட்டிலிருந்து முடியாது. தென்னந்தோப்பும் புக்கிட் பாரு மேடும் மறைக்கின்றன. அவற்றுக்கு மேலே வரும்போது அது விடிந்து வெகுநேரம் ஆன சூரியன். ஆனால் மாலையில் தெங்கேரா கடற்கரையில் மறைக்க எதுவும் இல்லை. அதனால் மாலையைப் பிடித்து, அதிலிருந்து காலையைக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியது. உச்சிக்கு முன்னால் எவ்வளவு நேரமோ, உச்சிக்குப் பின்னாலும் அவ்வளவுதானே பகல்?

உச்சியைப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில் பார்த்தேன். நேற்றுச் சனிக்கிழமை, பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். சுல்தானா அவள் வாப்பாவின் கைக்கடிகாரத்தை ரேடியோ மணிக்குச் சரிசெய்து கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டு அடித்தபோது நிழல் இன்னும் மேற்கே சாய்ந்திருந்தது. சுருங்கிச் சுருங்கிக் கம்பத்தின் காலடிக்குள் ஒடுங்கியபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பூகோள டீச்சர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. நம் கடிகாரம் நம் ஊருக்கு வைத்ததில்லை. எங்கோ கிழக்கே போர்னியோவின் மேலே போகிற ஒரு கோட்டுக்கு வைத்தது. நடுவே பத்துப் பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் வீதம் அந்த உச்சி நமக்கு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆக வேண்டும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்தது. என் கணக்குத் தப்பு என்று அழுகை வந்துவிட்டது. பிறகு புத்தகத்தின் கடைசியில் பார்த்தேன். சூரியன் எல்லா மாதமும் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லையாம். சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். செப்டம்பர், அக்டோபரில் முந்துமாம்.

சாயங்காலம் சுல்தானாவும் நானும் கடற்கரையில் நின்றோம்.

"பொழுது எறங்குறதப் பாக்கவாடி இவ்ளோ தூரம் வந்தே? எங்க பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா எறங்கிடுச்சின்னு அர்த்தம். அதுக்குப் போயி ஒரு கணக்கா?"

"கண்ணால பாக்கணும்டி."

"பாரு, பாரு. கணக்கு தப்பிப் போச்சின்னா எனக்குக் கல்யாணச் சாப்பாடாவது கெடைக்கும்" என்றாள். சொன்ன உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்டி. அழுவாத. அந்தக் கெழவன் ஒனக்கு வேணாம்."

சூரியன் தண்ணீருக்குள் முழுகியது. பாங்கும் கேட்டது. மணி ஆறரையைத் தாண்டி ஆறு நிமிஷம். உச்சியிலிருந்து ஆறு மணி நேரமும் கொஞ்சமும். அதையே உச்சிக்கு முன்னால் தள்ளினால் காலை ஆறரைக்கு மலாக்காவில் விடிகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கத் தேடினாலும் இது அரை மணி நேரம்கூட மாறாது. ஐப்பசியில் இன்னும் சீக்கிரமாகத்தான் விடியும்.

அப்படியானால் ஏழரைக்கு விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நீ நட்சத்திரம் பார்த்தேன் என்கிறாய். அப்பா தப்பாகக் குறித்திருக்க மாட்டார். நீங்கள் இருவரும் சொல்வது உண்மை என்றால் அந்த மணியில்தான் ஏதோ கோளாறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐப்பசி நெருங்குகிறது. அம்மா புடவைக்கு ரவிக்கை தைக்க அளவு எடுத்துவிட்டாள். நான் கை தூக்கி நின்றேன், அக்கா. வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

கோகிலா


சிங்கப்பூர்
4 அக்டோபர் 1959

என் கோகிலாவுக்கு,

உன் கடிதத்தை வார்டு மேசையில் வைத்துப் படித்தேன். "அந்த மணியில்தான் ஏதோ கோளாறு" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

நீ பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். அவன் வந்ததும் நாடு முழுக்க எல்லா மணியையும் டோக்கியோ மணிக்கு மாற்றச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். எட்டு அடித்தாலும் விடிந்திருக்காது. நாங்கள் இருட்டில் பசியாறிவிட்டு இருட்டிலேயே பள்ளிக்கூடம் போவோம்.

நம் அப்பா மில் மணியை மாற்றவில்லை. வீம்பு இல்லை, சோம்பலும் இல்லை. சரியாக ஓடுகிற மணியை எதற்குத் தப்பாக வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு நாள் ஒரு சிப்பாய் மரவள்ளி மாவுக்காக வந்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். பிறகு இன்னொரு கன்னத்தில். அப்பா எதுவும் பேசாமல் முக்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினார். இறங்கி வந்து அவனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அவர் குனிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அது நீ பிறப்பதற்கு வெகுமுன்பு. ஆக, நீ பிறந்தபோது அந்த மணி காட்டியது டோக்கியோவின் ஏழரை. மலாக்காவுக்கு அப்போது ஆறு. உன் கணக்குப்படி விடிவதற்கு முன்பு. நான் பார்த்த நட்சத்திரமும் சரி, அப்பா குறித்த மணியும் சரி.

ஜோசியர் சுப்பையன் சண்டை முடிந்த பிறகு காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்தவர். ஜப்பான்காரனை அவர் பார்த்ததே இல்லை. ஏழரை என்று சொன்னதை நம் ஏழரை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர்களுக்கு இருக்கிறதே. அப்பாவிடம் போய்ச் சொல். உனக்காக ஒரு தடவையாவது வாயைத் திற. நான் திறந்து பார்த்தவள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அறைந்ததை மட்டும் சொல்லாதே. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

சிவகாமி


காஜா பேராங்
19 அக்டோபர் 1959

அன்புள்ள அக்கா,

எல்லாம் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரமே மில்லுக்குப் போனேன். அப்பா மல்லி அரைத்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் தூள். "அப்பா, நான் பொறந்தப்ப நம்ம மணி ஜப்பான்காரன் மணிதானே?" என்று கேட்டேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதிதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

"தெரியும்" என்றார்.

"ஜோசியருக்குச் சொல்லலியா?"

"கட்டம் போட வந்தப்ப மறந்துட்டேன். அவரு போன பெறகு ஞாபகம் வந்துச்சி. சின்னப் புள்ளதானே, அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்புறம் பெரியவ போயிட்டா. அதுக்கப்புறம் இந்த வாசலுக்கு யாரு வந்தா, சொல்லு? இந்த ஒரு அம்மாதான் வந்துச்சி. அதுவும் அந்தச் செவ்வாய்க்காகத்தான் வந்துச்சி. அதையும் எடுத்துட்டா ஒன்ன யாரு கேப்பா? உள்ள போ."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தெரிந்தே செய்கிறவரிடம் என் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதை உனக்கு எழுதவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று அவர்கள் வந்தார்கள். பாக்கியலட்சுமி அம்மாவும் அவர் தம்பியும் ஜோசியரும். மாப்பிள்ளை வரவில்லை. தட்டில் வெற்றிலை, பழம், ஒரு சிவப்புச் சேலை. என்னைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். தட்டை மாற்ற அப்பா எழுந்தார். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, பொழுது விடியறதுக்கு முன்னால பொறந்திருந்தா எனக்குச் செவ்வாய் எங்க இருக்கும்?" என்று ஜோசியரிடம் கேட்டேன்.

"அது எதுக்கும்மா இப்ப?"

"சொல்லுங்கய்யா."

அவருக்குக் கணக்கென்றால் ஆசை. விரல் கணுவில் எண்ணிவிட்டார். "விடிஞ்சி பொறந்ததால நீ துலாம். விடியறதுக்கு முன்னாடின்னா கன்னி லக்னம். அப்ப செவ்வாய் எட்டுல இல்ல, ஒம்பதுல. தோஷமே கெடையாது. ஆனா நீதான் ஏழரைக்குப் பொறந்தவளாச்சே."

"அது ஜப்பான்காரன் ஏழரைங்கய்யா. நம்ம மணிக்கு ஆறு. ஐப்பசியில இங்க ஆறு இருபதுக்கு மேலதான் விடியும். நான் பாத்துட்டேன்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "சின்னப் புள்ள, பயத்துல ஒளறுது. எங்க மில்லு மணிய நான் யாருக்காகவும் மாத்துனதில்ல. எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவர்களும் தலையாட்டினார்கள். தட்டு கைமாறப் போகிறது, அக்கா. இன்னும் ஒரு நொடி. எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"மாத்தலன்னுதானே ஒங்கள ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சான், அப்பா" என்றேன்.

அப்பாவின் கை தட்டோடு நின்றது. அவர் முகத்தைப் பார்த்து, நான் சொன்னது பொய்யில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஜோசியர்தான் முதலில் பேசினார். "நான் தப்பாக் கணிக்கல. நீங்க குடுத்த மணிதான் தப்பு. அத எல்லாரும் கேட்டுக்குங்க."

பாக்கியலட்சுமி அம்மா எழுந்து என்னிடம் வந்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் மோவாயைத் தொட்டார். "மொத மருமக போன கட்டில்ல இன்னொரு புள்ளையக் கெடத்த என்னால முடியாது, தாயீ" என்றார். அப்பாவிடம் திரும்பி, "நீங்க தெரிஞ்சே இதச் செஞ்சிருந்தா, அண்ணே, நல்லாருக்காது" என்றார். சேலையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று காலை சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினேன். முதுகு கூசியது. யாரும் கூப்பிடவில்லை. பரீட்சை எழுதுவேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு தெரியாது. "தோஷம் இல்லாத பொண்ணு, இனிமே நெறைய பேரு வருவாங்க" என்று அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

அப்பா சாப்பிடவில்லை. ராத்திரி நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, "அத யாரு ஒனக்குச் சொன்னா?" என்று கேட்டார். அம்மாவுக்குக்கூட நேற்றுவரை அது தெரியாதாம். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "அக்கா" என்றேன். அடி விழும் என்று நின்றேன். விழவில்லை.

"அவ அங்க இருந்தாளா?" என்றார். பிறகு, "அவ எங்க நின்னா? எல்லாத்தையும் பாத்தாளா? கேட்டு எழுது" என்றார்.

நீ சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிப்பாயா என்று தெரியவில்லை. ஆனால் அவர் கேட்கிறார். என்ன சொல்ல?

கோகிலா


சிங்கப்பூர்
23 அக்டோபர் 1959

கோகிலா,

இந்தக் கடிதத்தை நம் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உறையில் உன் பெயரும் பின்பக்கம் என் பெயரும் இருக்கின்றன. திரும்பி வந்தால் வரட்டும்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அவரை அவ்வளவு பேர் முன்னால் அப்படி நிற்க வைத்திருக்க வேண்டாம். ஆனால் உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. நான் மில்லில் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தேன். நானாகப் போய் ஒளியவில்லை. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவர்தான் என்னை அங்கே தள்ளி, மேலே ஒரு காலிச் சாக்கைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார். அவன் போன பிறகு அவருக்கு நான் அங்கே இருப்பதே நினைவில்லை. பின்வாசலுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் சாக்கின் ஓட்டை வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். அறைந்ததைப் பார்த்தேன், குனிந்ததையும் பார்த்தேன். முதலில் என்னை மூடிவிட்டுத்தான் போனார் என்பதையும் பார்த்தேன்.

தீபாவளிக்கு எனக்கு வார்டில் வேலை இல்லை, ஊருக்கு வர முடியும். அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்.

சிவகாமி